எழுந்து நிற்காத ஒருத்தி

மொத்த ஹாலும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் என் மனைவி.

பாதி இறங்கிய படுதா கைதட்டலைக் கேட்டு மறுபடி மேலே போயிருந்தது. நான் மேடையின் முன்னால், தொங்கும் மைக்குக்கு நேர் கீழே, கையில் தந்திக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வேர்வையில் ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று உதட்டில் புரண்டது. அதைச் சரிசெய்யக்கூட மனசு வரவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், சேலையூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்த ஜனங்கள் எனக்காக எழுந்து நிற்கிறார்கள். மீசை போனால் போகட்டும்.

கண் தானாக நாலாவது வரிசைக்குப் போனது. நடைபாதை ஓரத்து நாற்காலி. எங்கள் ஐந்து வயது மகள் ரூபி நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டெல்லா மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் கையை வைத்து, உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ அதிர்ச்சிகள் வந்து போயிருக்கின்றன. ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மேடையில் நின்றபடி வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது.

தாம்பரத்தில் எங்கள் சபா இருந்த காலம் அது. அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் யு.டி.சி. குமாஸ்தா. சாயங்காலமானால் நடிகன். ஸ்டெல்லா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

படுதா இறங்கியதும் காரியதரிசி சம்பந்தம் மூச்சு வாங்க மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"ஜெயராஜ் சார், வரதன் ஆள் அனுப்பியிருந்தார். ஹாலே எழுந்து நின்னதைப் பார்த்து அந்த ஆள் அசந்துபோயிட்டான்."

வரதன் சொந்த நாடகக் கம்பெனி வைத்து மதுரை, பம்பாய், சிங்கப்பூர் என்று சுற்றியவர். அவர் மேடையில் நின்றவர்கள் சிலர் சினிமாவுக்கும் போயிருந்தார்கள்.

"அடுத்த மாசம் இதே நாடகத்தை மறுபடி போடறோம் இல்ல, அதுக்கு வரதனே வரார். நேர்ல ஒரு தடவை பார்த்துட்டார்னா முடிஞ்சுது. மாசச் சம்பளத்துக்கு உங்களை எடுத்துக்கறார். ஆனா ஆபீஸை விட்டுடணும் சார். அவர் கம்பெனி வருஷம் பூரா ரோடுலயே இருக்கும்."

விட்டுடலாம் என்று அந்த நிமிஷமே சொன்னேன். மீசை கையில் இருந்தது.

நாற்காலிச் சத்தம்

இந்த எழுந்து நிற்கிற வழக்கம் எங்கள் பக்கம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ரசிகர் எழுந்தார் என்றால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் போகிற கடைசி பஸ், நாடகத்தின் கடைசிக் காட்சியில்தான் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும். கதாநாயகி தாலியைக் கழற்றி வைக்கிற நேரத்தில் பின்னால் மடக்கு நாற்காலிகள் கிறீச்சிடும். "சீக்கிரம் வாடி, பஸ்ஸு போயிடும்" என்று ஒரு குரல் வரும். தாலியை வைத்திருக்கிற அம்மாள் அதையும் தாண்டி அழ வேண்டும்.

அந்தச் சத்தத்துக்கு நடிகர்கள் நடுங்குவோம். பம்மல் பஸ்காரர்களை உட்கார வைத்தவன்தான் நடிகன் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அதற்காக அந்தக் கால ரசிகர்களெல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் மூன்றாவது காட்சி முழுக்கக் கேட்கும். வில்லன் வரும்போது பின்வரிசையில் ஒருத்தர் தும்மினால், அவருக்கு இன்னொருத்தர் "நூறு ஆயுசு" சொல்வார். வில்லனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

என் பெரியப்பா அவர் காலத்துப் பாட்டு நாடகம் ஒன்றைப் பற்றிச் சொல்வார். ராஜா அம்பு பட்டு, பாடிக்கொண்டே செத்து விழுந்தார். ஜனங்கள் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். செத்த ராஜா எழுந்து கிரீடத்தைச் சரிசெய்து, மறுபடி பாடி, மறுபடி செத்தார். மூன்றாவது தடவையும் கேட்டபோது ராணி வேஷக்காரர் முன்னால் வந்து, "அவருக்கு மூச்சு இரைக்குதுங்க, விட்டுடுங்க" என்று கும்பிட்டாராம். பெரியப்பா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். செத்தவனை நிம்மதியாகச் சாகக்கூட விடாத கூட்டம் என்று நான் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் அவர்கள் பிடித்தால் கத்தினார்கள், பிடிக்காவிட்டால் கிளம்பினார்கள். எங்கே நிற்கிறோம் என்று நடிகனுக்குத் தெரிந்தது.

சீமையிலிருந்து வந்த பழக்கம்

சம்பந்தம் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் மேனேஜர். கம்பெனி வேலையாக லண்டனுக்கு ஒரு தடவை போய் வந்தார். வரும்போது ஒரு மழைக்கோட்டும் இந்தப் பழக்கமும் கொண்டுவந்தார். மழைக்கோட்டைத் தாம்பரத்து வெயிலில் போட்டுக்கொள்ள முடியவில்லை. அந்த ஆதங்கத்தையும் சேர்த்து இதில் காட்டினார் என்று நினைக்கிறேன்.

"அங்கெல்லாம் நாடகம் நல்லா இருந்தா உட்கார்ந்துகிட்டு கை தட்டறதில்ல சார். எழுந்து நின்னு தட்டறான். ஸ்டாண்டிங் ஒவேஷன். நம்ம ஊருக்கும் அந்த மரியாதை வரணும்."

முதல் தடவை அது வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாடகம் முடிந்ததும் முன்வரிசை நடுவில் சம்பந்தம் எழுந்து நின்றார். அவர் ஆறடி. அகலமும் அதற்கு ஏற்றது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை, அதனால் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததால் அடுத்த வரிசைக்குத் தெரியவில்லை. இப்படியே வாசல் வரைக்கும் போய்விட்டது. வாசலில் இருந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து எழுந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா. எங்கள் சபாவில் தொடங்கிப் பக்கத்து சபாக்களுக்கும் பரவியது. நல்ல நாடகத்துக்கு எழுந்தார்கள், சுமாரான நாடகத்துக்கு எழுந்தார்கள். மேஜிக்காரர் தொப்பியிலிருந்து புறா எடுத்ததற்கு எழுந்தார்கள். எடுக்கவேண்டிய புறா முன்னாடியே பறந்துவிட்டபோது அவர் மனசு நோகக்கூடாது என்று எழுந்தார்கள். மைக் செட் பழுதாகி, ரிப்பேர் ஆகி, மறுபடி பேசியதற்கு ஒரு தடவை எழுந்து நின்றார்கள். மைக் செட்காரர் வெளியே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதில் வருத்தப்பட்டவன் கன்னியப்பன் ஒருத்தன்தான். நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். "இன்னா சார் இது பேஜாரு. அல்லாரும் ஒரே டைமுல எழுந்துக்கினா நாற்காலி தாங்குமா? பின்னால சாஞ்சு வுழுந்து காலு வளைஞ்சுக்கினு கீது" என்று என்னிடம் புலம்பினான்.

எங்கள் திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில் சேவை சாதிக்கிறார். சம்பந்தத்தின் ரசிகர்களுக்கு நின்ற கோலம் ஒன்றுதான் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான், எனக்காக அவர்கள் நிற்கிற வரைக்கும்.

ரயில்வே கேட்டில்

வீட்டுக்கு நடந்து போகும்போது லெவல் கிராசிங் கேட் சாத்தியிருந்தது. ரூபி என் தோளில் தூங்கிவிட்டாள். இருப்பதிலேயே சாதாரணமான குரலை எடுத்துக் கேட்டேன்.

"கால் வலியா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் எழுந்திருக்கல?"

"எதுக்கு எழுந்திருக்கணும்?" என்றாள் ஸ்டெல்லா.

"ஊரே எழுந்து நின்னுது."

"தினம் காலைல நான் கிளாஸுக்குள்ள போனா எல்லாப் பிள்ளைங்களும் எழுந்து நிக்குதுங்க. எனக்கு அடுத்த பீரியடு போறவர் நாற்காலில உட்கார்ந்து தூங்கற வாத்தியார். அவருக்கும் அதே மாதிரிதான் எழுந்து நிக்குதுங்க."

"சர்ச்சுல சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நிக்கறியே?"

"வாசிக்கிறவருக்காகவா எழுந்திருக்கறோம்?"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். ஆனால் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வரதன் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் வேலையை விடறது உனக்குப் பிடிக்காது. அதான் உட்கார்ந்திருந்தே. அதை நேரா சொல்லேன்" என்றேன்.

"எனக்கே இப்பத்தானே சொல்றீங்க. அங்க உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மைதான். கோபத்தில் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

"கேட் திறந்துடுச்சு, நடங்க" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் டிரெயினில் போய் வந்தேன். வண்டியில் கூட வருகிறவர்கள் கையைக் குலுக்கினார்கள். "என்ன சார், ஊரையே எழுப்பி நிக்க வெச்சுட்டீங்களாமே" என்றார்கள். பல்லாவரம் வரும்வரை அது இனிக்கும். பிறகு நாலாவது வரிசை ஞாபகத்துக்கு வரும்.

என் பயம் உங்களுக்குப் புரிகிறதா? ஊர் சொல்வது சரி என்றால் நான் பெரிய நடிகன். பென்ஷன் உள்ள வேலையை விட்டு வரதன் பின்னால் போகலாம். அவள் சொல்லாமல் சொன்னது சரி என்றால், பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தப் போகிறேன். ஆபீஸில் வேலையை விடுவதை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க எனக்கு இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

குரோம்பேட்டை அதிர்ச்சி

அந்த மாதத்தின் நடுவில் குரோம்பேட்டையில் வேறு ஒரு குழுவின் நாடகம். சம்பந்தம் இரண்டு பாஸ் கொடுத்தார். பேசாமலிருந்தாலும் சேர்ந்து போனோம்.

அப்படி ஒரு நாடகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. கதாநாயகன் டாக்டர். அவருக்கு ஒரு வரியும் மனப்பாடம் இல்லை. பக்கவாட்டிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவரின் குரல் இவர் குரலைவிடக் கணீரென்று இருந்தது. ஜனங்கள் எல்லா வசனத்தையும் இரண்டிரண்டு தடவை கேட்டார்கள். கடைசியில் வில்லனைச் சுட வேண்டும். துப்பாக்கி வெடிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ வாயாலேயே "டுமீல்" என்றார்கள். வில்லன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

படுதா இறங்கியது. முன்வரிசையில் சம்பந்தம் எழுந்தார். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். எனக்குக் காட்டிய அதே மரியாதை. அதே கைதட்டல், அதே நீளம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த நாடகம் என்று சொல்ல முடியாது.

நான் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் எனக்குக் கிடைத்ததும் இதேதானா? அதையும் மீறி ஒரு வீம்பு வந்தது. பார், நானும் உட்காருவேன் என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் திரும்பினேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒப்புக்காக அல்ல. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் நன்றாகத் தட்டினாள். நான் அண்ணாந்து அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடக்கும்போதுதான் வாய் திறந்தேன்.

"அந்தக் கண்றாவிக்கு எழுந்து நின்னியே."

"பாவம், கஷ்டப்பட்டுப் போட்டிருக்காங்க. எழுந்து நின்னா நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அப்ப என் நாடகம் இதைவிடக் கேவலமா?"

அவள் நின்றுவிட்டாள். பிளாட்பாரத்தில் வறுகடலை விற்கிறவர் எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"அவங்களோடயா நான் குடித்தனம் பண்றேன்? அந்த டாக்டர் வேஷக்காரர் இந்தக் கைதட்டலை நம்பி நாளைக்கு வேலையை விட்டார்னா அது அவர் பொண்டாட்டி பாடு. உங்களுக்கு நான் பொய் சொல்லக்கூடாது."

"என்ன பொய்?"

"அந்தத் தந்தி வருதே, அதை நீங்க படிக்கவே இல்லீங்க."

என் நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிச் சொன்னாள். நான் ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளை வீட்டுக்குள் விடாதவன். அவள் இறந்துபோனதாகத் தந்தி வருகிறது. என் மனைவி சாரதா வாசல் கதவைச் சாத்தப் போகிறாள். "கதவைச் சாத்தாதே சாரதா. இனிமே அந்தக் கதவைச் சாத்தற உரிமை எனக்கு இல்ல" என்று நான் சொல்கிறேன். படுதா.

"முதல் தடவை எங்க ஸ்கூல் ஹால்ல போட்டப்போ நீங்க அதைப் படிச்சீங்க. அன்னிக்கு யாரும் எழுந்து நிக்கல. நான் வீட்டுக்கு வந்து அழுதேன், உங்களுக்குத் தெரியாது. இப்பல்லாம் தந்தியைக் கையில வாங்கும்போதே மைக் எங்க இருக்குன்னு பார்க்கறீங்க. சாரதா உங்களுக்குப் பின்னால கதவுகிட்ட நிக்கறா, நீங்க ஜனங்களைப் பார்த்து 'சாரதா'ங்கறீங்க. 'சாத்தாதே'ன்னு சொல்லிட்டு, கிளாப்ஸ் வரட்டும்னு நிக்கறீங்க. பொண்ணு செத்துப்போன அப்பன் அப்படி நிப்பானா?"

டிரெயின் வந்தது. ஏறினோம். தாம்பரம் வரைக்கும் நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையை என்னால் மறுக்க முடியவில்லை. "சாத்தாதே"வுக்குப் பிறகு எத்தனை மூச்சு விட்டால் கைதட்டல் உச்சத்துக்கு வரும் என்றுகூட எனக்கு அத்துப்படியாக இருந்தது. அந்த உச்சத்தில்தான் சம்பந்தம் எழுவார். அவர் எழுந்தால் ஊர் எழும். இதைத்தான் நான் நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைக்கை விட்டு விலகி

வரதன் வந்தார். சரிகை அங்கவஸ்திரமும் ஜவ்வாது வாசனையுமாக முன்வரிசையில் சம்பந்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலாவது வரிசை ஓரத்தில் ஸ்டெல்லா. ரூபியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கடைசிக் காட்சி. தந்தி கைக்கு வந்தது. பிரித்தேன். அது வெற்றுத் தாள். ஸ்கூல் ஹாலுக்குப் பிறகு இத்தனை மாதத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. நானே அந்தத் தாளில் ஒரு பெயரை வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. வைக்கக்கூடாத பெயர்தான், பக்கத்து வீட்டில் இருக்கிறவள் பெயர்தான், மனசில் வந்தது. என்ன செய்ய, அது வந்துவிட்டது.

கால் மைக் பக்கம் போகவில்லை. பின்னால் சாரதா கதவைத் தொடுகிற சத்தம் கேட்டது. திரும்பி அவளைப் பார்த்துச் சொன்னேன். "கதவைச் சாத்தாதே சாரதா." அவளுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவுக்குத்தான் குரல் வந்தது. அடுத்த வரியையும் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். என் முதுகு ஜனங்களுக்கு இருந்தது.

படுதா இறங்கியது.

ஒரு கைகூடத் தட்டவில்லை. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரை ஓரமாகப் பார்த்தேன். சம்பந்தம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடமும் வலமும் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். எங்கே எழ வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர் எழாததால் யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். போகும்போது பேசிக்கொள்ளக்கூட இல்லை.

சாரதாவாக நடித்த அம்மாள் முந்தானையால் மையைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன சார் ஆச்சு உங்களுக்கு" என்றார். அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டார்.

"மைக் போயிடுச்சோன்னு நினைச்சேன் சார். ஏன் முன்னால வரல? வரதன் வந்திருக்கிற அன்னிக்கா இப்படி டல்லடிக்கணும்?"

பின்னாலேயே வரதன் வந்தார். தங்கமான மனிதர். என் தோளில் கை வைத்துத்தான் பேசினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஊர் ஊராப் போய் டிக்கெட்டு விக்கிறவன். ஜனங்க எழுந்து நிக்கறாங்கன்னு சொன்னதாலதான் வந்தேன். இன்னிக்கு ஒரு கிளாப்ஸ்கூட விழல. நீங்க ஃபேமிலிமேன். ஆபீஸ் வேலையை விட்டுடாதீங்க."

அந்த மேடையில், அந்த வேஷத்தில், முதன்முதலாக நான் ஒழுங்காக நடித்த நாள் அது. அது எனக்கே தெரிந்தது. அதற்காகத்தான் என்னை வேண்டாம் என்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சரிங்க என்று சொல்லிக் கும்பிட்டேன்.

காலி ஹால்

மேக்கப்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன். ஹாலில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். கன்னியப்பன் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் போய்விட்ட ஹாலில் ஸ்டெல்லா மட்டும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி வரிசைகளே இல்லை. தரையில் முறுக்குத் துணுக்கும் காகிதமும் கிடந்தன.

"போலாமா?" என்றேன்.

"இருங்க. கொஞ்சம் இருங்க" என்றாள். கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"திங்கட்கிழமை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்ன?"

"வேலையை விட்டுடுங்கங்கறேன். இப்படி நடிக்கிறவரை ஆபீஸுக்கு அனுப்பிக்கிட்டிருந்தா நான்தான் பாவி. வீட்டை நான் பார்த்துக்கறேன். டியூஷன் எடுக்கறேன். வரதன்கிட்ட வரேன்னு சொல்லிட்டு வாங்க."

நான் என்ன சொல்ல வேண்டியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க?" என்றாள்.

"வரதன் வேண்டாம்னுட்டார்."

"ஏன்?"

"யாரும் எழுந்திருக்கலியாம்."

அவள் மேடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கைப்பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அம்மா எழுந்துக்கினா இந்த ஒண்ணுதான் பாக்கி."

"அஞ்சு நிமிஷம்ப்பா" என்றாள் ஸ்டெல்லா.

சரி என்று அவன் வாசல் பக்கம் போய் பீடி பற்றவைத்தான். எனக்கு உட்கார வேறு நாற்காலி இல்லை. அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.